அமார்ஃபஸ் மைக்ரோவயர் வாங்கப் போறீங்களா? இரும்பா, கோபால்ட்டா, கண்ணாடி போட்டதா, தடிமனா

அமார்ஃபஸ் மைக்ரோவயர்னா தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கிற, காந்த குணம் உள்ள ஒரு உலோகக் கம்பி. போன மாசம் மட்டும் மூணு பேர் இதப் பத்தி ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. தேவகோட்டைல இருந்து எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற ஒரு பொண்ணு, புராஜெக்டுக்கு காந்தப்புல சென்சார் பண்ணனுமாம். கானாடுகாத்தான்ல பழைய வீடுகள ரிப்பேர் பண்ற ஒரு இன்ஜினியர் தம்பி, சுவருக்குள்ள வயரப் பதிச்சு விரிசல் வர்றதுக்கு முன்னாடியே ஸ்ட்ரெஸ் தெரியுமான்னு பாக்கணுமாம். மூணாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன், கடைல பொருள் களவு போகுது, இந்த வயர வச்சு டேக் பண்றாங்களாமேன்னு எங்கயோ கேள்விப்பட்டு வந்தாரு. மூணு பேரும் கேட்டது "எந்த வயர் நல்லது?"

நல்ல அரிசி எதுன்னு கேட்டா என்ன சொல்றது? கவுனி அரிசிய வச்சு இட்லி ஊத்த முடியாது, இட்லி அரிசில கவுனி இனிப்பு வராது. இதுவும் அப்படித்தான். அதனால முதல்ல எத வச்சு எடை போடணும்னு சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல்ல எத வச்சு முடிவு பண்றது

அமார்ஃபஸ்னா உருகின உலோகத்த செகண்டுக்கு 10 லட்சம் டிகிரி அளவு வேகத்துல குளிர வச்சு, அணுக்கள் வரிசையா அடுக்கி உக்கார்றதுக்கு நேரமே குடுக்காம அப்படியே உறைய வச்சது. 1960-ல கால்டெக்ல போல் டுவேஸ் குழு தங்கம்-சிலிக்கான் கலவைல முதல்ல இத செஞ்சு காட்டுச்சு. கிரிஸ்டல் இல்லைன்னா அதோட இயற்கையான காந்த திசையும் இல்ல, அப்ப காந்தம் எந்தப் பக்கம் படுக்கணும்னு யார் சொல்றது? உள்ள உறைஞ்சு போன ஸ்ட்ரெஸ்ஸும் வயரோட வடிவமும்தான். இத மட்டும் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு வயர் எப்படி பதில் சொல்லும்ங்கிறது மேக்னெட்டோஸ்ட்ரிக்‌ஷன்ங்கிற நம்பர்ல இருக்கு, அதாவது காந்தமாகும்போது பொருள் எவ்வளவு நீளுது, சுருங்குதுங்கிற அளவு. இரும்பு அதிகமா இருக்கிற கலவைல, உதாரணமா இரும்பு 77.5, சிலிக்கான் 7.5, போரான் 15, இது பிளஸ்ல இருக்கும், 10 லட்சத்துல 30, 35 பங்கு. வெறும் கோபால்ட்-சிலிக்கான்-போரான்னா மைனஸ்ல 3, 4. கோபால்ட்டோட 100-க்கு 4, 5 பங்கு இரும்பச் சேர்த்தா கிட்டத்தட்ட பூஜ்யம். பிளஸ்ஸா மைனஸா பூஜ்யமாங்கிறதுதான் முதல் அளவுகோல், விலை இல்ல.

ரெண்டாவது தடிமனும் நீளமும். மூணாவது மேல கண்ணாடி இருக்கா இல்லையா. நாலாவது ரெண்டு முனைலயும் கரண்ட் குடுக்க வேண்டிய வேலையா, இல்ல பக்கத்துல ஒரு காயில் வச்சு தொடாம படிக்கிற வேலையா. இந்த நாலாவது விஷயத்துலதான் எல்லாரும் காச விடுறாங்க, நான் உட்பட. அஞ்சாவது சூடு, சித்திரை வைகாசில நம்ம ஊர் சுவரத் தொட்டுப் பாத்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல.

| | இரும்பு, கண்ணாடி பூசினது | கோபால்ட், கண்ணாடி பூசினது | தண்ணில குளிர வச்ச தடிமன் வயர் |
|---|---|---|---|
| உலோகத் தடிமன் | பொதுவா 5 முதல் 30 மைக்ரான் | அதே | 125 மைக்ரான் பக்கம் |
| லூப் (புலம் மாற மாற காந்தம் எப்படி மாறுதுங்கிற வரைபடம்) | சதுரம், ஒரே தாவல் | சாய்வு, ரொம்ப மென்மை | இரும்புன்னா சதுரம் |
| எதுக்கு | ஸ்ட்ரெஸ், டேக் | சின்ன காந்தப்புலம் அளக்க | கிளாஸ் டெமோ, ஃப்ளக்ஸ்கேட் (காந்தப்புலம் அளக்கிற ஒரு வகைக் கருவி) கோர் |
| எப்படிப் படிக்கிறது | காயில், தொட வேணாம் | முனைல கனெக்‌ஷன் வேணும் | ரெண்டும் |
| மறைஞ்ச செலவு | சூட்டுக்கு சரி பண்றது | கான்டாக்ட், அனீலிங் (சுட்டுப் பதப்படுத்துறது) | நீளம், பூமியோட காந்தம் |

கண்ணாடி பூசின இரும்பு வயர்

இது டெய்லர்-உலிடோவ்ஸ்கி முறைல வர்றது. டெய்லர் 1924-ல கண்ணாடிக் குழாய்க்குள்ள உலோகத்த உருக்கி மெல்லிசா இழுத்துக் காட்டினாரு, பின்னாடி சோவியத்ல உலிடோவ்ஸ்கி அத நீளமா இழுக்கிற முறையா வளர்த்தாரு. கண்ணாடிக் குழாய்ல கலவையப் போட்டு இண்டக்‌ஷன்ல உருக்குவாங்க, அந்தச் சூட்டுல கண்ணாடியும் இளகும், ரெண்டையும் சேத்து நூலா இழுத்து தண்ணித் தாரைல குளிர வச்சு சுத்திக்குவாங்க. 20 மைக்ரான் உலோகம்னா 1 கிலோமீட்டர் நீளத்துக்கு உலோகம் 2.4 கிராம்தான், கால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. நம்ம ஊர் ஆசாரி கம்பி இழுக்கிறதப் பாத்தவங்களுக்கே இது ஆச்சரியமாத்தான் இருக்கும்.

ஆத்தங்குடி கல்லும் கண்ணாடி மேல ஊத்தித்தான் பளபளப்பு வருது, ஆனா அங்க காரை இறுகினதும் கண்ணாடியக் கழட்டிருவாங்க. இங்க கண்ணாடி கூடவே இருக்கும், சும்மா கவர் மாதிரி இருக்காது, வேலை செய்யும். குளிரும்போது உலோகம் அதிகமா சுருங்கப் பாக்கும், கண்ணாடி அவ்வளவு சுருங்காது, அதனால உலோகம் நீளவாக்குல இழுபட்டபடியே உறைஞ்சிரும். இரும்புக் கலவைக்கு மேக்னெட்டோஸ்ட்ரிக்‌ஷன் பிளஸ், அதனால காந்தம் நீளவாக்குல படுத்துக்கும், நடுவுல ஒரே பெரிய டொமைன் (காந்தம் ஒரே திசைல இருக்கிற பகுதி), வெளிய மெல்லிசா ஒரு தோல் மாதிரி ஆரவாக்குல இன்னொண்ணு. வெளில இருந்து எதிர்ப் புலம் ஒரு அளவத் தாண்டினதும் ஒரு முனைல இருந்து டொமைன் சுவர், அதாவது ரெண்டு காந்த திசைக்கும் நடுவுல இருக்கிற எல்லை, கிளம்பி சர்ருன்னு மறுமுனைக்கு ஓடிரும், சாதகமான நிலைல செகண்டுக்கு 1 கிலோமீட்டரத் தாண்டின வேகம் கூட அளந்திருக்காங்க. பாதி வழில நிக்கிற பேச்சே இல்ல, இந்தப் பக்கம் இல்லைன்னா அந்தப் பக்கம். அந்தத் தாவல்ல காயில்ல கூர்மையா ஒரு பல்ஸ் வரும்.

தாவுற அந்தப் புலத்தோட அளவு ஸ்ட்ரெஸ்ஸப் பொறுத்து மாறும், சென்சாரே இதுதான். வயர இழுத்தா தாவ அதிகப் புலம் வேணும். இன்னொரு பெரிய வசதி, தடிமன் குறைஞ்சா குறைஞ்ச நீளத்துலயே இந்தத் தாவல் வேலை செய்யும். 125 மைக்ரான் வயருக்கு 7 சென்டிமீட்டர் வேணும், 10 மைக்ரான் பக்கம் வந்தா 2 மில்லிமீட்டர் போதும்.

இப்ப மறைஞ்ச செலவு. முதல்ல சிக்னல். காயில்ல வர்ற வோல்டேஜ் உலோகத்தோட குறுக்குப் பரப்பளவப் பொறுத்தது, 125-ல இருந்து 20 மைக்ரானுக்கு வந்தா பரப்பு 39 மடங்கு கம்மி, சிக்னலும் அந்த அளவு இறங்கும்னு வச்சுக்கிட்டுத்தான் காயில் சுத்தணும், ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். பெரிய காயிலா வச்சு தள்ளி நின்னு படிக்கலாம்னு நினைக்காதீங்க, சில சென்டிமீட்டர் தாண்டினா கதை முடிஞ்சுது.

அடுத்தது சூடு. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்கிற இழுவையே சூட்டுல மாறுது, அப்ப தாவுற புலமும் மாறும். காலைல ஒரு ரீடிங் மத்தியானம் ஒரு ரீடிங், சுவர் ஒண்ணும் ஆகலைன்னாலும். கானாடுகாத்தான் தம்பிக்கு நான் முதல்ல சொன்னது இதத்தான்: ஸ்ட்ரெஸ் விழாத இடத்துல அதே வயர்ல இன்னொரு துண்ட டம்மியா வை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தப் பாரு.

சுண்ணாம்பு இன்னொரு தலைவலி. சாதாரண கிளாஸ் ஃபைபர சிமெண்ட்ல போட்டா காரம் அரிச்சிரும்ங்கிறது கட்டட வேலைல எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், அதனாலதான் அதுக்குன்னு தனி கண்ணாடி வந்துச்சு. செட்டிநாட்டுச் சுவர்ல இருக்கிறது சுண்ணாம்புப் பூச்சு, ஈரம் இருக்கிற வரைக்கும் அதுவும் காரம்தான். சில மைக்ரான் தடிமன் கண்ணாடிய அதுல நேரா பதிக்கிறத விட மெல்லிசா எபாக்ஸி பூசிட்டு பதிக்கிறது நல்லது. ஆனா எபாக்ஸி இறுகும்போது அதுவும் வயர அமுக்கும், கணக்க முதல்ல இருந்து போடணும். ஒண்ணத் தீத்தா ஒண்ணு.

கண்ணாடி பூசின கோபால்ட் வயர்

தேவகோட்டைப் பொண்ணுக்கு வேண்டியது இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பூஜ்யத்துக்குப் பக்கத்துல, லேசா மைனஸ் பக்கம் இருக்கிற கலவைல காந்தம் வயரச் சுத்தி வளையல் மாதிரி படுத்துக்கும். அந்த வளைய திசைல பெர்மியபிலிட்டி, அதாவது புலத்துக்கு காந்தம் எவ்வளவு லேசா இணங்குதுங்கிறது, ரொம்ப அதிகம், ஆனா நீளவாக்குல ஒரு சின்னப் புலம் வந்தாக்கூட அது படக்குன்னு மாறிரும். இப்ப வயர் வழியா ஹை-ஃப்ரீக்வென்சி கரண்ட விடுங்க. கரண்ட் மேல்தோல்ல மட்டும் ஓடும்னு படிச்சிருப்பீங்க, அந்தத் தோல் எவ்வளவு ஆழம்ங்கிறது பெர்மியபிலிட்டியப் பொறுத்தது. 10 மெகாஹெர்ட்ஸ்ல, ரெசிஸ்டிவிட்டி 130 மைக்ரோஓம்-சென்டிமீட்டர், பெர்மியபிலிட்டி 1000-ன்னு வச்சுக்கிட்டா ஆழம் 5.7 மைக்ரான். காந்தமே இல்லாத அதே உலோகம்னா 181 மைக்ரான். 20 மைக்ரான் வயர்ல முதல் கேஸ்ல கரண்ட் ஓரத்துல நெருக்கியடிச்சு ஓடும், ரெண்டாவது கேஸ்ல முழு வயர்லயும் ஜாலியா ஓடும், இம்பீடன்ஸ் (மாறுற கரண்டுக்கு வயர் காட்டுற தடை) ஏறி இறங்குற காரணம் இதுதான். இதுக்குப் பேர் ஜயண்ட் மேக்னெட்டோஇம்பீடன்ஸ், சுருக்கமா ஜி.எம்.ஐ. 1994-ல ஜப்பான்ல பனினா, மோரி ரெண்டு பேரும், அமெரிக்கால பீச், பெர்கோவிட்ஸ் ரெண்டு பேரும் தனித்தனியா எழுதினாங்க. நல்ல கோபால்ட் மைக்ரோவயர்ல 600 சதவீதம் வரைக்கும் மாற்றம் வந்திருக்கு. ஜப்பான்ல ஐச்சி ஸ்டீல் இதே தத்துவத்துல அமார்ஃபஸ் வயர் சென்சார் பண்ணி மொபைல் திசைகாட்டி வரைக்கும் கொண்டு போயிருச்சு.

மெல்லிசு வயர எடுக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் யாரும் சொல்லித்தர மாட்டாங்க. 20 மைக்ரான் வயர் 1 சென்டிமீட்டருக்கு சுமார் 41 ஓம். 125 மைக்ரான் வயர் அதே நீளத்துக்கு 1 ஓம்தான். காலேஜ்ல அளக்கப் போறது அனேகமா சில ஆயிரம் ரூபாய் விலைல கிடைக்கிற நானோ-விஎன்ஏங்கிற, ஹை-ஃப்ரீக்வென்சில அளக்கிற சின்னக் கருவிய வச்சுத்தான், அது 50 ஓம் சாதனம். 41 ஓம் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கும், 1 ஓம் வயரோட மாற்றம் கேபிள்லயும் கான்டாக்ட்லயும் கரைஞ்சு போயிரும். அங்க போய் ஜி.எம்.ஐ. வரலைன்னு அழக்கூடாது.

சரி, அழ வேண்டிய இடம் எது? கனெக்‌ஷன். கண்ணாடி மேல ஈயம் ஒட்டாது, கண்ணாடிய எடுத்தாலும் இந்த உலோகத்துல ஈயம் லேசுல பிடிக்காது. நான் முதல் தடவை பண்ண கூத்தச் சொல்றேன். கையில இருந்தது அரை மீட்டர் கூட இல்ல, கண்ணாடிய முழுசா எடுத்துட்டா ஈசியா இருக்கும்னு மொத்த துண்டையும் உரிச்சு வச்சுட்டேன், அளந்து பாத்தா முன்னாடி எடுத்த லூப்புக்கும் இப்ப வந்த லூப்புக்கும் சம்பந்தமே இல்ல. கண்ணாடி போனதும் அது குடுத்துக்கிட்டு இருந்த ஸ்ட்ரெஸ்ஸும் போச்சு, நான் வாங்கின வயர் ஒண்ணு, மேஜைல கிடக்கிற வயர் வேற. ரெண்டு முனைல மட்டும் 2, 3 மில்லிமீட்டர் பிளேடால மெதுவா சுரண்டி எடுத்தா போதும். ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் பக்கம் மட்டும் போகாதீங்க, ஆராய்ச்சிப் பேப்பர்ல எழுதியிருப்பாங்க, ஆனா அது தோல்ல பட்டா முதல்ல வலிக்காமலே உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போற சரக்கு, எம்.எஸ்சி. லேபுக்கு அது வேண்டாத வேலை.

சுரண்டின முனைல சில்வர் பேஸ்ட் வைக்கலாம், ஆனா காஞ்சு உதிரும். இன்னொரு வழி முனைல மட்டும் காப்பர் எலக்ட்ரோபிளேட் பண்ணிட்டு அப்புறம் ஈயம் வைக்கிறது, காப்பர்ல ஈயம் நல்லாப் பிடிக்கும். காரைக்குடில உக்காந்துக்கிட்டு எலக்ட்ரோபிளேட்டிங் தெரியாதுன்னு சொன்னா சிரிப்பாங்க, 1953-ல திறந்த சிக்ரியே எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்குன்னு உள்ள இன்ஸ்டிட்யூட், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து இந்த ஊருக்குக் கொண்டு வந்தது. தெரிஞ்சவங்க ஊர் பூரா இருக்காங்க, கேட்டா சொல்லிக் குடுப்பாங்க.

அப்புறம் அனீலிங். வயர் வழியாவே சில பத்து மில்லிஆம்பியர் விட்டுச் சூடாக்கி உள் ஸ்ட்ரெஸ்ஸ தளர்த்தினா ஜி.எம்.ஐ. பெரும்பாலும் நல்லா வரும், ஆனா கொஞ்சம் கூடிப் போனா கிரிஸ்டல் ஆகி காந்தம் கெட்டியாயிரும், துண்டக் கடிச்ச மாதிரி ஒடியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியா பாத்துத்தான் பண்ணனும், அதனால வேணும்ங்கிற நீளத்துக்கு மூணு மடங்கு வாங்குங்க. கோபால்ட் விலை இரும்பு மாதிரி இல்லதான், ஆனா நமக்கு வேண்டியது மில்லிகிராம், அந்த விலை ஒரு பொருட்டே இல்ல. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிற செலவும், குறைஞ்சபட்ச ஆர்டரும், காத்திருக்கிற நாளும்தான் உண்மையான விலை. முதல்ல நம்ம நாட்டு லேப்கள்ல இந்த வேலை பண்றவங்களுக்கு உங்க கைடு மூலமா ஒரு மெயில் போட்டுப் பாருங்க, அரை மீட்டர் சும்மாவே அனுப்புறவங்க உண்டு.

தண்ணில குளிர வச்ச தடிமன் வயர்

சுத்துற டிரம்ல தண்ணிய ஓரத்துல படர விட்டு அதுக்குள்ள உருகின உலோகத்தப் பீய்ச்சி எடுக்கிறது. ஜப்பான்ல யூனிடிகா 1980-கள்ல இத வியாபாரமாவே பண்ணுச்சு. தலைமுடியவிடக் கொஞ்சம் தடிமன், கையில பிடிக்கலாம், கண்ணுக்குத் தெரியும், கண்ணாடி இல்ல. பி.எஸ்சி. பசங்களுக்கு பார்க்ஹவுசன் தாவல, அதாவது மேல சொன்ன அந்த ஒரே தாவல, கிளாஸ்ல காட்டணும்னா இத மிஞ்ச ஒண்ணுமில்ல: இரும்பு வயர் 10 சென்டிமீட்டர், ஒரு காயில், ஒரு ஆசிலோஸ்கோப், ஸ்கிரீன்ல ஊசி மாதிரி பல்ஸ் நிக்கும்.

இதுல ஒரு பொறி இருக்கு, அது நம்ம ஊருக்கே ஸ்பெஷல். இந்த வயர் தாவுறதுக்கு வேண்டிய புலம் மீட்டருக்கு 10 ஆம்பியர் பக்கம்தான். பூமியோட காந்தம் நம்ம பக்கம் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது மீட்டருக்கு 32 ஆம்பியர். அதோட காந்த நடுக்கோடு தென்னிந்தியாவோட தெற்கு நுனிப் பக்கமா போறதால, 1963-ல தும்பால ராக்கெட் தளம் வச்சதே அதனாலதான், நம்ம ஊர்ல இந்தப் புலம் கிட்டத்தட்ட முழுசா படுக்கைவாக்குல வடக்கு நோக்கி இருக்கு. மேஜைல வயர வடக்கு தெற்கா வச்சா பூமியே அத ஒரு பக்கமா அமுக்கிப் பிடிச்சுக்கும், காயில்ல சின்ன புலம் குடுத்தா தாவவே தாவாது. கிழக்கு மேற்கா திருப்பி வையுங்க, சரியாயிரும். பக்கத்துல இரும்பு பீரோ இருந்தா அதையும் நகர்த்துங்க, ஒரு வாரம் நான் சர்க்யூட்டக் கழட்டிக் கழட்டி மாட்டினதுக்குக் காரணம் அந்த பீரோதான்.

கண்ணாடி பூசின இரும்பு வயர்ல இந்தத் தொல்லை கம்மி, அது தாவ பெரும்பாலும் மீட்டருக்கு 100 ஆம்பியரும் அதுக்கு மேலயும் வேணும். இருந்தாலும் சுவர் எந்தத் திசைல ஓடுதுங்கிறத விட்ராதீங்க. பிளஸ் பக்கம் தாவுற புலத்தையும் மைனஸ் பக்கம் தாவுற புலத்தையும் ரெண்டையும் அளந்து, குறிய விட்டுட்டு அளவ மட்டும் சராசரி எடுத்தா பூமியோட பங்கு கழிஞ்சிரும்.

நானோகிறிஸ்டல் பண்ணினா என்ன

1988-ல யோஷிசாவா குழு கண்டுபிடிச்ச ஃபைன்மெட் கலவைய வயரா இழுத்து 550 டிகிரி பக்கம் சுட்டா சின்னச் சின்னக் கிறிஸ்டல் வந்து காந்தம் ரொம்ப மென்மையாகும், கோபால்ட்டும் வேணாம், இரும்புதான். ஆனா சுட்டதுக்கப்புறம் அப்பளம் மாதிரி நொறுங்கும். நல்ல ஃபர்னஸும் பொறுமையும் இருக்கிறவங்க பண்ணலாம், ஆறு மாச புராஜெக்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வயரே வேணாம்ங்கிற நிலைமை

முனீஸ்வரன் கோயில் தெரு அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். அமார்ஃபஸ் வயர்ல களவு தடுக்கிற டேக் உண்மைதான், வாசல்ல இருக்கிற மாறும் புலத்துல வயர் தாவும்போது வர்ற கூர்மையான பல்ஸ கேட் பிடிச்சு கத்தும். ஆனா அவர் கடைல இருக்கிறது என்ன? எனாமல் பூசின இரும்பு அடுக்கு, இரும்புப் பெட்டகம், பித்தளை. இரும்பு மேல ஒட்டினா புலம் வயருக்குள்ள போறதுக்கு முன்னாடி இரும்பே இழுத்துக்கும், டேக் செத்த மாதிரி. மரச் சாமான், பீங்கான் ஜாடி, பழைய ஃபோட்டோ சட்டம் இதுக்கெல்லாம் வேலை செய்யும். அதுக்கும் வயர வாங்கிச் செய்யாம ரெடிமேட் டேக் வாங்குங்க. கேட்டுக்கு ஆகிற செலவப் பாத்துட்டு அவர் ரெண்டு கேமராவும் ஒரு நாயும் போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, சரியான முடிவுதான்.

அதே மாதிரி, காந்தம் பக்கத்துல வந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா கடைல கிடைக்கிற ஹால் சென்சாரே போதும், சில பத்து ரூபாய். மோட்டார் சுத்துறத எண்ண, கதவு மூடினதப் பாக்க, இதுக்கெல்லாம் மைக்ரோவயர் வாங்குறது பணியாரத்துக்கு வெள்ளிக் கரண்டி. பூமியோட காந்தத்துல வர்ற சின்னச் சின்ன மாற்றம், தூரத்துல போற வண்டி, இந்த மாதிரி நானோடெஸ்லா வேலைன்னா அப்ப கோபால்ட் வயருக்கு வாங்க.

மூணு பேருக்கும் என்ன சொன்னேன்

கடை அண்ணன் கதை முடிஞ்சுது. தேவகோட்டைப் பொண்ணுக்கு: கோபால்ட் கலவை, லேசா மைனஸ், உலோகம் 20 மைக்ரான் பக்கம், கண்ணாடியோட, 1 மீட்டர். அதுல 1 சென்டிமீட்டர் துண்டு ஒண்ண எடுத்து அனீல் பண்ணாம முதல்ல அப்படியே அளந்து வச்சுக்கம்மா, 1-ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அதுக்கப்புறம் சுடு. பலர் முதல்லயே சுட்டுட்டு ஒப்பிட ஒண்ணுமில்லாம நிப்பாங்க.

கானாடுகாத்தான் தம்பிக்கு: இரும்பு வயர், கண்ணாடி பூசினது, 2 சென்டிமீட்டர் துண்டா பத்து. ஆனா நேரா 100 வருஷத்துச் சுவர்ல கைய வைக்காத. ஆத்தங்குடில ஒரு பட்டறைல கல்லு ஊத்தும்போது பின்பக்கக் காரைல ரெண்டு துண்டப் பதிக்கச் சொல்லு, ஒண்ணு நிழல்ல, ஒண்ணு வெயில்ல வை, சித்திரைல ஆரம்பிச்சு ஐப்பசி மழை வரைக்கும் வாரம் ஒரு தடவ காயில வச்சு எடு. மேல பாரம் எதுவும் வைக்காமலே ரீடிங் எவ்வளவு ஆடுதுன்னு பாரு. போன வாரம் போன் பண்ணான், கல்லு ஊத்தியாச்சாம், ஒரு கல்லுல வயர எந்தப் பக்கம் வச்சோம்னு குறிக்க மறந்துட்டாங்களாம், காயில வச்சுத் தேடிக்கிட்டு இருக்கான்.